கடைசிக்கு முந்தினவன்

அந்த வார்த்தையை முக்கால்வாசிப் பேர் தப்பாகத்தான் பயன்படுத்துகிறார்கள், ஐயா. எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரே அப்படித்தான். ஒரு ஆண்டு விழாவுக்குக் கல்வி அதிகாரி ஒருவர் வந்திருந்தார். நம்ம ஆள் மைக்கைப் பிடித்து அவரை ‘பெனல்டிமேட் ஜென்டில்மேன்’ என்று புகழ்ந்து தள்ளினார். அல்டிமேட் என்றால் உச்சம், முன்னால் ஒரு ‘பென்’ ஒட்டினால் உச்சத்துக்கும் ஒரு படி மேலே என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அதிகாரியும் சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டார். கனவான்களை வரிசையாக நிற்க வைத்தால் கடைசிக்கு முந்தின ஆள் இவர் என்று சொல்லியிருக்கிறார்கள், அது அவருக்குத் தெரியவில்லை. நான் பின்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாஜிஸ்திரேட் ஐயா, நீங்கள் இரண்டு விஷயம் கேட்டீர்கள். நோட்டில் எழுதியிருக்கும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்பது ஒன்று. அதன் கடைசி எழுத்து மட்டும் ஏன் தாளின் ஓரம் வரை கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. நான் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று நீங்கள் நேற்றே எடுத்துச் சொல்லி, யோசிக்க ஒரு நாளும் கொடுத்தீர்கள். அதையும் முதலிலேயே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். குமாஸ்தா வேகமாகத்தான் எழுதுகிறார். கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக டிக்டேஷன் கொடுத்துப் பழகியவன் நான்.

வார்த்தை லத்தீனிலிருந்து வந்தது. ‘பேனே’ என்றால் ஏறக்குறைய. ‘உல்திமா’ என்றால் கடைசி. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறையக் கடைசி. பூகோளத்தில் பெனின்சுலா என்று படித்திருப்பீர்கள், அதிலும் இதே ‘பேனே’ தான் உட்கார்ந்திருக்கிறது, ஏறக்குறையத் தீவு. எங்கள் தமிழ்ப் பண்டிதர் இதைக் கேட்டுவிட்டு, இதற்குத் தமிழில் ‘ஈற்றயல்’ என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள், இதற்குப் போய் ரோம் வரை நடப்பானேன் என்றார். அவர் சொன்னதும் சரிதான். ஆனால் எனக்குப் பிடித்தது அந்த ‘ஏறக்குறைய’ தான். பாதிரியார் ஆவதற்குப் படிக்கிற குருமடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்த சாமியார் மேசையைத் தட்டித் தட்டி வாசிப்பார். லத்தீன் சொற்களில் குரலின் எடை பெரும்பாலும் கடைசி அசையில் விழாது, அதற்கு முந்தினதில் விழும். கடைசி அசை சும்மா வந்து முடித்துவிட்டுப் போகும். பாரம் சுமக்கிறவன் கடைசிக்கு முந்தினவன், பெயர் வாங்குகிறவன் கடைசி ஆள். அந்த வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு மட்டும் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

என் பெயர் அல்போன்ஸ். வயது நாற்பத்திரண்டு. ஊர் பாப்பாரப்பட்டிக்குப் பக்கம் சவரிக்கொட்டாய். எங்கள் அம்மா இன்னாசியம்மாளுக்கு ஐந்து ஆண் பிள்ளைகள். நான் நாலாவது. எனக்கு அடுத்தவன், கடைக்குட்டி, சவரிராயன். அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது பெரியம்மை போட்டது. பிழைக்க மாட்டான் என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். அம்மா கோயிலில் முழங்காலில் நடந்து, இவன் பிழைத்தால் ஒரு பிள்ளையைக் கோயிலுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் அப்படி நேர்ந்துகொள்வது சகஜம். சவரி பிழைத்துக்கொண்டான். யாரைக் கொடுப்பது என்ற பேச்சு வந்தது. மூத்தவர்கள் மூன்று பேரும் ஏர் பிடிக்கிற வயசுக்கு வந்துவிட்டார்கள். பிழைத்து எழுந்த பிள்ளையை மடியிலிருந்து இறக்க அம்மாவுக்கு மனசு வரவில்லை. மிச்சம் இருந்தது நான். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான், நானும் அம்மாவாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

குருமடத்தில் கடைசிக் கட்டப் படிப்பு ஏழு வருஷம். ஆறாவது வருஷம் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘இவருக்கு அழைத்தல் இல்லை’ என்று, அதாவது சாமியாராகும்படி கடவுள் என்னைக் கூப்பிடவில்லை என்று, ஒரு வரியில் கடிதம் கொடுத்தார்கள். அதைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. ஊருக்கு வந்தபோது அம்மா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. மூன்று அண்ணன்களும் கோலார் பக்கம் சுரங்க வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீடும் நாலு ஏக்கர் மேட்டு நிலமும் சவரி கையில் இருந்தன. என் தாய்மாமன் மகள் சகாயமேரியும் அந்த வீட்டில் இருந்தாள், அவன் பெண்டாட்டியாக. வரிசைப்படி அவள் எனக்கு வந்திருக்க வேண்டியவள். சாமியாராகப் போகிறவனுக்குப் பெண் எதற்கு என்று அவனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். இதிலும் யார் மேலும் தப்பில்லை.

சவரி என்னை நன்றாக வைத்துக்கொண்டான், ஐயா. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைக்கிற வரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. களி கிண்டினால் முதல் உருண்டை எனக்குத்தான் வைக்கச் சொல்வான். யாராவது வந்தால், ‘எங்க அண்ணா லத்தீன் படிச்சவங்க’ என்று பெருமையாகச் சொல்வான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

இப்போது கிணற்றுக்கு வருகிறேன்.

அறுபத்தைந்தில் மழை பொய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். அறுபத்தாறு தை மாதம் சவரி கிணறு வெட்ட ஆரம்பித்தான். எங்கள் பூமியில் எட்டடி மண், அதற்குக் கீழே பாறைதான். உளியும் சம்மட்டியுமாகப் பாறையில் குழி அடித்து, மருந்து வைத்து, திரி கொளுத்தி உடைக்க வேண்டும். அந்த வேலைக்கு வந்தவர் மாதப்பன். அரூர்ப் பக்கத்து ஆள், அப்போது ஐம்பது வயது இருக்கும். முப்பது வருஷமாக வெடி வைக்கிறவர், அதனால் இரண்டு காதும் மந்தம். காது மந்தமான வெடிக்காரருக்கு இன்னொருவர் காது வேண்டும். அதற்காக அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு.

எத்தனை குழிக்கு மருந்து வைக்கிறாரோ அத்தனை கூழாங்கல்லைப் பொறுக்கி, மேலே நிற்கிற ஒருவர் கையில் மாதப்பன் எண்ணிக் கொடுப்பார். திரிகளை ஒன்றைவிட ஒன்று ஒரு சாண் நீளமாக வெட்டுவார், அப்போதுதான் வெடிகள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாக வெடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் மேலே இருக்கிறவர் ஒரு கல்லை முதுகுக்குப் பின்னால் எறிய வேண்டும். கையில் ஒரு கல் மிச்சம் இருந்தாலும் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. வெடிக்காத குழி கீழே இருக்கிறது என்று அர்த்தம், கடப்பாரை பட்டால் போதும். எல்லாக் கல்லும் போய்விட்டால் இரண்டு கையையும் விரித்து மாதப்பனுக்குக் காட்ட வேண்டும். அவர் பார்த்துவிட்டுத் தலையை அசைத்த பிறகுதான் நூலேணி கீழே இறங்கும்.

அந்தக் கல் எண்ணுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ‘வாத்தியாரு கையில குடுத்தா கோயில் உண்டியல்ல போட்ட மாதிரிங்க,’ என்றார் மாதப்பன். பள்ளிக்கூடம் விட்டு வந்து செய்வேன், லீவு நாளில் முழு நாளும் நிற்பேன். கல்லோடு சேர்த்து நோட்டிலும் எழுதிவைப்பேன், அது என் பழக்கம். மேலே தேதி, மொத்தக் குழி எத்தனை, கீழே ஒவ்வொரு வெடிக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி. மாதப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் எழுதுவதை வேடிக்கை பார்த்துவிட்டுச் சிரிப்பார்.

மே மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. நாற்பத்தைந்து அடி இறங்கியிருந்தார்கள். காலையில் வடக்குப் பாறையில் ஈரம் கசிந்தது. மாதப்பன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இன்றைக்கு வைக்கிற வெடியில் ஊற்றுக் கண் திறந்துவிடும் என்றார். சகாயமேரி புதுக் குடம் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் வைத்தாள், முதல் தண்ணீர் மாதா கோயிலுக்கு. இதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. மற்ற நாளில் வெடி முடிந்ததும் முதலில் இறங்கிப் பார்ப்பவர் மாதப்பன். ஊற்று திறக்கிற நாளில் மட்டும் அவர் இறங்க மாட்டார். நிலத்துக்காரன்தான் முதலில் இறங்கி, கல்லைப் புரட்டி, தண்ணீரைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்று நிலைக்காது என்பார்கள்.

அன்றைக்கு எட்டுக் குழி. மாதப்பன் எட்டுக் கல்லை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். நோட்டில் எட்டு என்று போட்டேன், நீங்களே பார்த்திருப்பீர்கள். பீடி நெருப்பால் எட்டுத் திரியையும் பற்ற வைத்துவிட்டு அவர் மேலே வந்து, வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நாலு பத்துக்கு முதல் வெடி. நாலு பதினாறுக்குள் ஏழு வெடித்துவிட்டது. அப்புறம் சத்தமில்லை. புகை மட்டும் மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். கை இரண்டும் காலியாகத்தான் இருந்தன. மாதப்பன் தலையை அசைத்தார்.

மாதப்பன் மேல் நடந்த வழக்கில் கோர்ட்டில் நான் சொன்னது வேறு. மாதப்பன் என்னிடம் ஏழு கல்தான் கொடுத்தார் என்று சொன்னேன். சத்தியம் செய்துதான் சொன்னேன். அதைப் பிறகு சொல்கிறேன், வரிசை மாறிவிடும்.

சவரி நூலேணியில் கால் வைக்கும் முன்னால் ஒரு சின்னச் சிக்கல் வந்தது. அவன் இறங்காமல் நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணா, நீங்க எறங்குங்க. நீங்க இருக்கும்போது நான் எப்படி மொதல்ல தொடறது?”

“கெணறு உன்னுது. நீ போ.”

“என்னுதுன்னு யார் சொன்னாங்க? தண்ணி வந்தா பாதி நெலம் உங்களுக்குன்னு மேரிகிட்ட எப்பவோ சொல்லிட்டேன். வாங்க, நான் ஏணியைப் புடிச்சுக்கறேன்.”

என் வாழ்க்கையில் முதலாவதாக ஒன்றைத் தொடும்படி யாரும் அதுவரை என்னைக் கூப்பிட்டதில்லை. சகாயமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். மாதப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் வியர்த்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேட்டி, செருப்பு, தலைசுற்றல் என்று ஏதோ காரணம் சொன்னேன். அவன் சிரித்தான். சின்ன வயதில் நான் மரம் ஏறப் பயப்படும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. பிறகு இறங்கிப் போனான். அவன் அம்மைத் தழும்பு முகம் புகைக்குள் மறைகிற வரை நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு எனக்கு வேலை இல்லை. பாறை மேல் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். கீழே அவன் கடப்பாரையால் கல்லைப் புரட்டும் சத்தம் கேட்டது. மேலே ஏழு மணிகள் வரிசையாக இருந்தன. ஏழாவதற்கு எதிரே பென்சிலால் அந்த வார்த்தையை எழுத ஆரம்பித்தேன். ஏன் எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஒரு தகவல் சரியாக இருக்க வேண்டும் என்ற பழக்கம்தான். ஏழாவது வெடி கடைசி வெடி இல்லை, அதற்கு முந்தினது. அதை அந்த இடத்தில் குறிக்க அதைவிடச் சரியான சொல் இல்லை. பத்து எழுத்துக்கு மேல் இருக்கிற வார்த்தை, நிதானமாகத்தான் எழுதினேன். கீழேயிருந்து அவன் குரல் வந்தது.

“அண்ணா, தண்ணி வந்துருச்சு. சில்லுனு இருக்குது.”

நான் கடைசி எழுத்தில் இருந்தேன். அப்போது பூமி ஆடியது, பென்சில் தாளின் ஓரம் வரை ஓடியது. அதுதான் நீங்கள் கேட்ட கோடு.

அவனை மேலே எடுத்த விவரம் போலீஸ் அறிக்கையில் இருக்கிறது. அதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் கிணற்றில் இருபதடி தண்ணீர் நின்றது. முதலில் சிவப்பாக இருந்தது. ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. எட்டு வருஷமாக அதைத்தான் குடிக்கிறேன், எங்கள் கொட்டாயில் அவ்வளவு ருசியான தண்ணீர் வேறு கிணற்றில் இல்லை.

மாதப்பனைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். ஏழு கல் கொடுத்தார், ஏழு வெடி கேட்டது, ஏழையும் எறிந்தேன், கையைக் காட்டினேன் என்றேன். மாதப்பனிடம் கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. ‘எனக்கு எட்டு குடுத்த மாதிரிதான் நெனப்பு. ஆனா வாத்தியாரு ஏழுன்னா ஏழாத்தான் இருக்கும்,’ என்று அவரே கோர்ட்டில் சொன்னார். ஒன்றரை வருஷம் தண்டனை கிடைத்தது. வெளியே வந்த பிறகு யாரும் அவரை வெடி வைக்கக் கூப்பிடவில்லை. தொப்பூர்க் கணவாயில் ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

அறுபத்தெட்டிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அவர் வந்துவிடுவார். அவர் முனியப்பனைக் கும்பிடுகிறவர், எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குள் வரத் தயங்குவார். வாசலுக்கு வெளியே ஒரு கட்டு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு நிற்பார். சகாயமேரி அவரைப் பார்க்காமல் போய்விடுவாள். நான் மட்டும் வெளியே வந்து மெழுகுவர்த்தியை வாங்கிக்கொள்வேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஒரு கல்லுங்க வாத்தியாரே, ஒரே ஒரு கல்லு,’ என்று அழுவார். நான் அவர் தோளைத் தட்டிக் கொடுப்பேன், உங்களை மன்னித்துவிட்டேன் என்று சொல்வேன். போன வருஷம் வரை ஆறு தரம் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம்கூட அலுத்துக்கொண்டதில்லை.

சகாயமேரிக்காகச் செய்தேன் என்று போலீசார் எழுதியிருக்கிறார்கள். அது உண்மையில்லை. அவளை நான் ஒரு நாளும் தப்பான எண்ணத்தோடு பார்த்ததில்லை. அறுபத்தொன்பதில் பங்குச் சாமியார் மூலமாகக் கேட்டது முறைப்படி, நாலு பேருக்குத் தெரிந்து கேட்டது. அவள், ‘மாமா எப்பவும் போல பெரியவங்களா இருக்கட்டும், அது போதுங்க’ என்று சொல்லி அனுப்பிவிட்டாள். சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த வருஷமும் ஒரு தரம் கேட்டேன். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டேன். அவ்வளவுதான்.

போன மாதம் கல்லறைத் திருநாளன்று மாதப்பன் வாசலிலேயே மயங்கி விழுந்துவிட்டார். ஜல்லித் தூசி நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்றார்கள். அன்றைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை, கோயிலுக்குப் போகத் தாமதமாகிவிட்டது. அந்த நேரத்தில் சகாயமேரி அவருக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரோடு பேசியிருக்கிறாள். அவர் சொன்னதை அவளே வந்து என்னிடம் சொன்னாள், முகத்தில் எதுவும் தெரியவில்லை.

“நான் எண்ணிக் குடுத்தது எனக்கு எட்டாத்தான் கண்ணுல நிக்குது தாயீ. வாத்தியாரு பொய் சொல்வாரா? நான்தான் பாவி.”

அதைச் சொல்லிவிட்டு, அன்றைக்கு நீங்கள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தீர்களே மாமா, அது எங்கே என்று கேட்டாள். எங்கேயோ போய்விட்டது என்றேன். வாத்தியார்கள் எதையும் தூக்கிப்போட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனதும் என் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஐயா. ஆனால் எட்டு என்ற எண் தெரியும். அதற்குக் கீழே ஏழு வரி இருப்பதை எண்ணவும் தெரியும். பாப்பாரப்பட்டி வரை நடந்து, பஸ் ஏறி, நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

நோட்டோடு இதையும் எடுத்துக்கொள்ளுங்கள். போலீசார் என் சட்டையைச் சோதித்தார்கள். செபமாலைப் பையைத் திறந்து பார்க்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது. மேசை மேல் வைக்கிறேன். சாதாரணக் கூழாங்கல்தான், எட்டு வருஷம் விரல் பட்டுப் பட்டுக் கொஞ்சம் வழவழப்பாகிவிட்டது.

கையை விரித்துக் காட்டியபோது கல் எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். சட்டைப் பையில் இருந்தது. கையைக் காட்டத்தான் வழக்கம் உண்டு, பையைக் காட்டும் வழக்கம் கிடையாது. அதை எப்போது பையில் போட்டேன் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். ஏழாவது வெடிக்குப் பிறகு இல்லை. முதல் வெடிக்கும் முன்னாலேயே, மாதப்பன் கீழே திரி கொளுத்திக்கொண்டிருக்கும்போதே போட்டுவிட்டேன்.

எட்டில் ஒன்று வெடிக்காது என்று முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். சாமான்களுக்குக் காவலாக நான் இருந்தேன். வெட்டி வைத்த திரிகள் ஒரு சாக்கின் மேல் வரிசையாகக் கிடந்தன. நீளமானதை எடுத்து, அதன் நடுப்பகுதியைப் பிளந்து, கூஜாத் தண்ணீரில் நனைத்து, மறுபடி ஒட்டித் துடைத்து அதே இடத்தில் வைத்தேன். ஐந்து நிமிஷ வேலை. பற்ற வைக்கும்போது நன்றாகப் பற்றும், பாதியில் அணைந்துவிடும். அந்தக் குழிக்குள் மருந்து அப்படியே இருக்கும், கடப்பாரை படுகிற வரை.

கொலை என்கிற வார்த்தையைப் போலீசார் போட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு வார்த்தை தெரியாது. நீங்கள் படித்தவர், உங்களுக்குச் சொன்னால் புரியும். நான் திரியை நனைத்தேன், கல்லைப் பையில் போட்டேன், கையைக் காட்டினேன். எல்லாம் நான் செய்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் கடப்பாரையைத் தூக்கி அந்தக் குழியில் இறக்கியது சவரியின் கை. கடைசிக் காரியத்தை அவனேதான் செய்துகொண்டான். என்னைக் கொடுத்து வாங்கிய உயிர் அது, இருபத்தொன்பது வருஷம் வைத்திருந்தான். நான் அதற்கு முந்தின காரியத்தோடு நின்றுகொண்டேன். எப்போதும் போல.

மாதப்பன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார்கள். அவர் கைவசம் எட்டுக் கல் இருந்தது, எட்டையும் என்னிடம் கொடுத்தார் என்று யாராவது போய்ச் சொன்னால் நல்லது. கூடவே இன்னொன்றும் சொல்லச் சொல்லுங்கள். நான் அவரை மன்னித்தது மன்னித்ததுதான். அதை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை.

படித்துக் காட்டியது சரியாக இருக்கிறது. மூன்றாம் பக்கத்தில் லத்தீன் வார்த்தையைக் குமாஸ்தா தப்பாக எழுதியிருந்தார், திருத்திவிட்டேன். இந்தக் கடைசிப் பக்கத்தில் என் பெயருக்குக் கீழே கோடு போட்டு இடம் விட்டிருக்கிறதே, அது உங்கள் கையெழுத்துக்கா, ஐயா?

அப்படியானால் சரி. பேனாவைக் கொடுங்கள், முதலில் நான் போட்டுவிடுகிறேன். கடைசியாகப் போடுகிறவர் நீங்கள்.